ஏறும்போது வலது

என் வீட்டில் இப்போது நான் விழுவதற்கு இடமே இல்லை. கட்டிலிலிருந்து கை நீட்டினால் ஒரு கம்பி. கழிப்பறையில் இரண்டு கம்பி. குளியலறையில் ரப்பர் கால் வைத்த நாற்காலி, நாற்காலிக்குக் கீழே வழுக்காத பாய், அந்தப் பாயையும் நம்பாமல் சுவரில் இன்னொரு கம்பி. எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியவை. பெயருக்கு ஏற்ற வீட்டுக்காரர்தான் அவர். பழுதான கைபேசிகளை வீட்டிலேயே உட்கார்ந்து சரிபார்க்கிறவர், தெருமுனைக் கடையைத் தாண்டிப் போகமாட்டார். எனக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து என்னையும் போக விடுவதில்லை.

இடது கையும் இடது காலும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டாவெறுப்பாகத் திரும்பி வந்தது. கை வரவில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். 'கிளட்சை மெதுவா விடு, மெதுவா' என்று தெரு அதிரக் கத்திக் கத்தியே 'கிளட்ச் அக்கா' என்று பெயர் வாங்கியவள். போனதோ கிளட்ச் காலும் கியர் கையும். முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவர் வாங்கிப்போட்ட சாமான்கள் எல்லாம் நல்ல சாமான்கள். பலகையில் இரண்டு ஆணி மேல்நோக்கி நிற்கும், அதில் உருளைக்கிழங்கைக் குத்திவைத்து ஒரு கையாலேயே நறுக்கலாம். முதல் கிழங்கை நறுக்கி முடித்தபோது சந்தோஷத்தில் அழுதேன். சட்டைப் பொத்தானை இழுத்து மாட்ட ஒரு கம்பி வளையம் உண்டு. தட்டின் ஓரத்தில் மாட்டுகிற தடுப்பு உண்டு, சோறு அதைத் தாண்டி ஓடாது. நீளமான கோலின் நுனியில் இடுக்கி வைத்த ஒன்று இருக்கிறது, பிடியை அமுக்கினால் வாயை மூடிப் பொருளைக் கவ்விக்கொள்ளும். அதற்கு நான் 'கொக்கு' என்று பெயர் வைத்தேன்.

கொக்கு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்கு முன்னால் ஜன்னலோரம் கிடக்கிற துண்டுக்காகவாவது எழுந்து நாலு எட்டு நடப்பேன். இப்போது எழுந்தால், "எதுக்கு எழுந்திரிக்கிற? கொக்கு இருக்குல்ல?" என்பார். ஒவ்வொரு பொட்டலம் வந்தபோதும் எனக்கு ஒரு வேலை சுலபமானது, எழுந்திருக்க ஒரு காரணமும் காணாமல் போனது. கடைசியாகக் கழுத்தில் ஒரு மணி வந்தது. பொத்தானை அமுக்கினால் அவர் மேசையில் இருக்கும் பெட்டி அலறும். மாட்டுக்குக்கூட மேயப்போகும்போதுதான் மணி கட்டுவார்கள்.

நான் மேயப்போகவில்லை. வாசலில் மூன்று படி இருந்தது, அவ்வளவுதான் என் உலகத்தின் எல்லை. செங்குத்தான படி, ஓர் ஆள் மட்டும் இறங்குகிற அகலம். சரிவுப் பலகை போட்டால் அது பாதித் தெருவுக்குப் போய் நிற்கும். ஆரம்பத்தில் ஒருநாள் அவர் என்னைத் தாங்கி இறக்கப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவருக்குக் கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் ஏறிய பயம் இன்னும் இறங்கவில்லை.

ஓட்டுநர் பள்ளி அதே தெருவில்தான், ஜன்னலில் கன்னத்தை அழுத்திப் பார்த்தால் அதன் பலகை தெரியும். கற்றுக்கொள்கிறவர்கள் என் வீட்டு முன்னால் வந்துதான் வண்டியை அணைய விடுவார்கள். "கிளட்ச்!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன். சிலர் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள்.

பள்ளி முதலாளியை நாங்கள் 'ஹாரன்' என்போம். ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவர் ஒருநாள் போன் செய்தார்.

"அக்கா, போர்டு கிளாஸ் எடுக்க ஆள் இல்ல. உக்காந்துகிட்டே சொல்லிக்குடுக்குற வேலைதான். திங்கக்கெழமை வந்துடுறீங்களா?"

சாலைக் குறிகளும் விதிகளும் சொல்லித்தரும் வகுப்பு அது. அதற்கு வாயும் ஒரு கையும் போதும்.

"வரேன்" என்றேன். எத்தனை காலம் கழித்து நான் சொன்ன 'வரேன்' அது!

"வந்துடணும்க்கா. நீங்க வரலைன்னா என் மச்சானத்தான் உக்கார வைக்கணும். அப்புறம் அவன எழுப்ப முடியாது. வீட்ல பிரச்சனையாயிடும்."

அந்த மச்சானை எனக்குத் தெரியும். வழுக்கும் சாலைக்கான குறியைக் காட்டினால் பாம்பு நடமாட்டம் என்று சொல்கிற ஆள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். படியில் ஒரு கைப்பிடி வேண்டும். எனக்கு இயங்குவது வலது கை மட்டும்தான், அதனால் வலது பக்கம் வேண்டும். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாக்கலாம்" என்றார். வீட்டுக்குள் கம்பி மாட்ட ஒருநாளும் 'பாக்கலாம்' என்று சொன்னதில்லை. விடாமல் நச்சரித்தேன். சனிக்கிழமை வெல்டர் வந்தார்.

நான் உள்ளே உட்கார்ந்து துளை போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. வெல்டர் போனதும் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கம்பி பளபளவென்று உறுதியாக நின்றது. தெருவைப் பார்த்து நின்ற எனக்கு இடது பக்கத்தில் நின்றது.

வேண்டுமென்றால் ஏறி வரலாம். இறங்க முடியாது. ஏறி வருவதற்கு முதலில் இறங்க வேண்டுமே!

"என்னங்க இது?"

"வலதுதானே கேட்ட?" என்றார் என் வீட்டுக்காரர். "கீழ நின்னு பாரு, வலதுதான்."

"நான் எப்படிங்க கீழ நிப்பேன்?"

நான் வெல்டருக்குப் போன் போட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். காச்சுமூச்சென்று கத்தினேன். எத்தனையோ பேருக்கு வலது இடது தெரியவில்லை என்று நான் திட்டியதையெல்லாம் சேர்த்து அவரைத் திட்டினேன்.

"அக்கா, அக்கா, கொஞ்சம் இருங்க" என்றார் வெல்டர். "நான் கேட்டேன்க்கா. இறங்கும்போது வலதா, ஏறும்போது வலதான்னு. சார்தான் ஏறும்போதுன்னு சொன்னாரு. அந்தப் பக்கமும் வேணும்னா போட்டுடலாம். தண்ணிக் குழாய மாத்தணும், சிமெண்டு போட்டுக் காயணும். அடுத்த மாசம் பாப்போமே."

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்று கொக்கின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ ஏறி வர்றது மட்டும்தான் எனக்கு வேணும்" என்றார். "இறங்குறத என்னால பாக்க முடியாது. கண்ண மூடினா அந்தப் படிதான் வருது. இங்க உனக்கு என்ன குறை? எது வேணும்னாலும் சொல்லு, வாங்கிப் போடுறேன்."

கை நீட்டுகிற கணவன் என்றால் ஊரைக் கூட்டலாம். குடிக்கிற கணவன் என்றால் அம்மா வீட்டுக்குப் போகலாம். காலையில் குனிந்து உட்கார்ந்து எனக்குக் காலுறை மாட்டிவிடுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? அழுகையும் வரவில்லை. ஞாயிறு முழுக்க வாசல் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

திங்கள் காலை நல்ல சேலை உடுத்திக்கொண்டேன். எங்கும் போக முடியாது என்று தெரியும், இருந்தாலும் உடுத்திக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். நான் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து நின்றேன்.

தெருவில் பள்ளிக் கார் ஒன்று எதிர்வீட்டுச் சுவரோரம் நிறுத்தப் பார்த்து, முன்னும் பின்னும் அல்லாடிக்கொண்டிருந்தது. ஓட்டிய பெண் முகத்தில் வியர்வை. நேராகப் போய் நுழையப் பார்க்கிறாள், இடம் பத்தவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"ரிவர்ஸ்ல வாம்மா! நேரா நுழைய முடியாத எடத்துல ரிவர்ஸ்லதான் நுழையணும்!"

சொன்ன வாயை மூடாமல் அப்படியே நின்றேன். எத்தனை வருஷமாக இதையே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மடச்சி!

ஊன்றுகோலை ஊன்றி மெல்ல மெல்லத் திரும்பினேன். தெருவுக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்றேன். வலது கையை நீட்டினேன். கம்பி கைக்குள் வந்தது. ஏறும்போது வலது.

"ஏங்க, இங்க வாங்க."

வந்தார். நான் நிற்கிற நிலையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன பண்ற நீ? உள்ள வா."

"இந்த ஊன்றுகோலைக் கொக்கால பிடிச்சுக் கீழ இறக்குங்க. படியில ரெண்டு பேருக்கு எடமில்ல."

"விளையாடாத."

"வகுப்புக்கு நேரமாச்சு. நீங்க இறக்கலைன்னா கோல் இல்லாம இறங்குவேன். அப்புறம் தெருவுல நிக்கப் பிடிமானம் இருக்காது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

என் குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. அவர் கொக்கை எடுத்து வந்தார். என் பக்கவாட்டில் கோலைக் கவ்வித் தொங்கவிட்டு, கடைசிப் படிக்குப் பக்கத்தில் தெருவில் நிற்கவைத்தார். அது ஆடி, பிறகு நாலு காலிலும் நின்றது.

"இப்ப நீங்கதான் என் கண்ணாடி" என்றேன். "எனக்குப் பின்னாடி தெரியாது. படியப் பாத்து, தெருவப் பாத்து, சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் காலை எடுக்கமாட்டேன்."

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கூட நிற்கிறவர் பின்பக்கம் நின்று 'வா, வா' என்பார். இவர் நிற்பதோ எனக்கு முன்னால், வீட்டுக்குள். இவர் 'வா' என்றால் நான் உள்ளேதான் போக வேண்டும். அது அவருக்கும் புரிந்தது.

"வா" என்றார் கடைசியில். கெஞ்சலாகத்தான் சொன்னார்.

"அது இல்ல."

அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். விடமாட்டேன் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிரில் கார் அணைந்தது, அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள் ஒண்ணு வருது. இரு" என்றார். மணிச்சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கடந்து போனது. "ம். போயிடுச்சு."

"அப்புறம்?"

"போ" என்றார்.

இடது காலைக் கீழே விட்டேன். படி எங்கே இருக்கிறது என்று அது தேடியது. "இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்" என்றார். கால் தரித்தது. வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்தேன். கம்பி என்னோடு கூடவே இறங்கியது.

"போ" என்றார் மறுபடியும். இம்முறை குரல் கொஞ்சம் தேறியிருந்தது. கொக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. இந்த வீட்டை விட்டுப் போகிறவர்கள் யாரும் இப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கமாட்டார்கள். இத்தனை நாள் நான் அடைபட்டுக் கிடந்த வீட்டுக்குள் அவரும்தான் அடைபட்டுக் கிடந்தார் என்று அந்த நடுப்படியில் நின்றுதான் பார்த்தேன்.

கடைசிப் படி. கால் தெருவைத் தொட்டது. கம்பியை விட்டுவிட்டு ஊன்றுகோலைப் பிடித்தேன். கழுத்து மணி கம்பியில் இடித்து 'டங்' என்றது. அதைக் கழற்றிக் கம்பியின் நுனியில் மாட்டினேன்.

"போயிட்டு வரேங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் திரும்பிப் பள்ளியை நோக்கி முதல் எட்டு வைத்தேன். இனி அவர் முகம் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இரு" என்றார். "நானும் இறங்கி வரேன்."