எட்டாவது மாத்திரை

மாரக்காள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போது மயங்கி விழுந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு அத்தாயிதான். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அவளே சொல்லிவிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரோட சக்கரை மாத்திரைங்க. அவருக்கு ஊசிக்கு மாத்திட்டாங்க. எட்டு மிஞ்சிக் கெடந்துச்சு. அக்காளுக்கும் அதே கிறுகிறுப்புத்தானேன்னு நேத்துப் பொழுதோட ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தனுங்க."

"சக்கரை நோய் இல்லாத உடம்புல இது ஆளையே சாச்சுப்புடும்மா. மீதி எங்கே?"

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த மாரக்காள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். எது கிடைத்தாலும் நாலு பேருக்குக் கொடுக்காமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. "காலையில வெறும் வயித்துல ஒண்ணு முழுங்குனேன் சாமி. ராமாத்தாளுக்கு மூணு, காளியப்பனுக்கு மூணு. இன்னொண்ணு நெனப்பில்லையே."

அத்தாயி மீதி ஏழையும் கையில் வாங்காமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று கிளம்பினாள். வாசலில் கம்பவுண்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "வாய்க்கால்ல வீசிறாதீங்கம்மா, எருக்குழியிலயும் வேண்டாம். பொடி பண்ணி, சாணியில கொழச்சு, மூடி போட்ட தகரத்துல அடைச்சு, கெணத்துக்குத் தூரமா ஆழப் பொதைங்க."

ராமாத்தாள் லேசில் விடவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது எந்த ஊர் நாயமுங்க?"

"ஆஸ்பத்திரியில அக்கா கெடக்கற கெடையைப் பாத்துட்டு வந்து நாயம் பேசு" என்றாள் அத்தாயி. மூன்றும் மடியிலிருந்து வந்தன.

காளியப்பன் வேறு ரகம். சொணங்கிக் கிடந்த கோழிகளுக்கென்று மூன்றையும் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துவிட்டிருந்தான். கோழிகள் இன்னும் வாய் வைக்கவில்லை. அத்தாயி அவனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே மேட்டில் குழி வெட்டி, தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

இன்னொன்று? கொடிக்கால் வரப்பு, மாரக்காளின் அஞ்சறைப் பெட்டி, தலையணைக்கு அடி, எங்கும் இல்லை. உச்சி வெயிலில் கால் பொத்துப்போக வீட்டுக்கு வந்தாள்.

நாலு மாதமாக முழுகாமல் இருக்கும் மருமகள் வசந்தாமணி, கையில் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த டப்பா.

"மாரக்காள் அத்தை விடியக்காலம் குடுத்துட்டுப் போனாங்கத்தே. வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுன்னு உள்ள ஒரு மாத்திரை போட்டிருந்தாங்க. எனக்கும் கிறுகிறுன்னு வருது, அதான்."

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத ஊர். அத்தாயியே ஆயிரம் முறை செய்திருக்கிறாள். மருமகளின் உள்ளங்கையிலிருந்து அந்த மாத்திரையைப் பிடுங்கினாள். அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

"நாங் குடுத்தது எங்கூட்டுக்கே வந்திருச்சே கண்ணு."

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளையெல்லாம் அந்த நாலோடு சேர்த்துத் தட்டினாள். பொடியைச் சாணியில் குழைத்து அதே டப்பாவில் அடைத்து, மூடியை இறுக்கினாள்.

"டப்பா நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் வசந்தாமணி.

"இருக்கட்டும். இனி இது எந்த ஊட்டுக்கும் போக வேண்டாம்."

கிணற்றுக்கு எட்டத்தில் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தாள். பிறகு வீடு வீடாக மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளை வாங்கிவரக் கோழித்தீவன வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். ஊரில் அறுபது வீடு இருந்தது.