அமலியக்கா ஏறாத ரயில்

“என்னைய என்ன சுண்ணாம்புக்கல்லுன்னு நெனச்சீங்களா, தொட்டியில வாரிப் போட்டுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு?”

“தள்ள வேணாம் அமலி. கரண்டுல ஓடும்.”

“கரண்டுலயா? அப்ப சாவுறதுக்கு வேற வழியே பாக்க வேணாம்.”

“கொஞ்சம் மெதுவாப் பேசேன். பக்கத்து வூட்ல கேக்கும்.”

“கேக்கட்டுமே. அவ அப்பலேருந்து பக்கெட்டக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி நின்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கா.”

நான் இறங்கிவிட்டேன்.

அந்த ‘அவ’ நான்தான். பெயர் பூங்குழலி, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கெட்டின் மேல் ஏறியது முருங்கைக்கீரை பறிக்க. மரம் எங்கள் கொல்லையின் மறு கோடியில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அரியலூரில் செந்துறை ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் மனைகளெல்லாம் முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் ஓடை வரைக்கும் நீண்டுகொண்டே போகும். அடுத்த வீட்டு மரியசூசை அண்ணனுக்கு வாசல் பக்கம் வீடும் சமையலறையும். மற்றதெல்லாம் கொல்லைக் கோடியில். ஆட்டுக்கொட்டகை அங்கே, கோழிக்கூடு அங்கே, போர் தண்ணீரும் துவைக்கிற கல்லும் அங்கே. அவர் மனைவி அமலோற்பவமேரி, எங்களுக்கு அமலியக்கா, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே இரண்டு முட்டியையும் தேய்த்துக்கொண்டவர். தை மாதம் ஆட்டுக்கொட்டகை வாசலில் விழுந்துவிட்டார். ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கும் மகன் லியோ பிரபு அன்றிரவே போன் செய்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது சூசையண்ணன் வழக்கம். கேட்காமல் இருப்பதற்கு நான் காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

“இங்க பாருங்கப்பா. கல்லறைத் திருநாளுக்கு வருவேன். அதுக்குள்ள அம்மா விழாம கொல்லைக்குப் போயிட்டு வர ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி ரெண்டு பேரையும் படப்பைக்கு என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். வூட்ட வித்துடலாம்.”

வீட்டை விற்பது என்ற பேச்சைக் கேட்டதும் சூசையண்ணன் அரை மணி நேரம் கொல்லைப்படியில் உட்கார்ந்து டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமும் நான் சுவரோரம்தான் இருந்தேன்.

வேறு ஒருவராக இருந்தால் கொல்லைக்கு ஒரு சிமெண்டுப் பாதை போட்டு, பிடித்து நடக்க ஒரு கம்பி வைத்திருப்பார். சூசையண்ணன் சிமெண்டு ஆலையில் எலெக்ட்ரீஷியனாகக் காலம் தள்ளியவர். சுரங்கத்துக் கல்லெல்லாம் தானாக நகர்ந்து வருவதைப் பார்த்துப் பார்த்து, நடப்பது என்ற காரியமே அவருக்கு ஒரு வீண் வேலையாகத் தோன்றியிருக்க வேண்டும். பங்குனியில் லேத்துப் பட்டறையிலிருந்து நாலு இரும்புச் சக்கரத்தோடு வந்து இறங்கினார். மேலே சொன்ன சண்டை அன்றைக்கு நடந்ததுதான்.

சித்திரை வெயிலில் வேலை தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையை அவரே அச்சு செய்து சிமெண்டில் வார்த்தார். ஜன்னலும் கேட்டும் செய்கிற பட்டறையில் வாங்கிய இரும்புச் சட்டம்தான் தண்டவாளம். பள்ளம் தோண்டும்போது நத்தை மாதிரி சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. எங்கள் சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழி நெடுகச் சவுக்குக் கம்பம் நட்டு, மேலே செம்புக் கம்பி இழுத்துக் கட்டினார். வண்டியின் தலையில் நீளமாக ஒரு மூங்கில், அதன் நுனியில் சின்ன ராட்டினம். ராட்டினம் கம்பியை உரசிக்கொண்டே வருமாம். கம்பியிலிருந்து கரண்டு இறங்கி மோட்டாரைச் சுற்றிவிட்டு, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போய்விடுமாம். பேட்டரி ஆட்டோவில் ஓடுகிற அளவு கரண்டுதான், தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னார். நான் தொட்டுப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைத் தொடச் சொன்னேன்.

நடுவழியில் கழிவுநீர்த் தொட்டி குறுக்கே நின்றது. அதைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் தண்டவாளம் எங்கள் கொல்லைக்குள் கொஞ்சம் வயிறு தள்ளித்தான் ஆக வேண்டும். நடுச்சுவரில் ஒரு பகுதியை இடிக்க வேண்டும். சூசையண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இடிங்கண்ணே” என்றேன், அவர் முடிக்கும் முன்பே.

என் வீட்டுக்காரர் ராசாங்கம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “சுவர இடிச்சா நாளைக்கு யாரு கட்டுறது?”

“எதுக்குச் சுவரு? அந்தாண்ட சூசையண்ணந்தான இருக்காரு.”

“அதான் எதுக்குன்னு கேக்குறேன். அவரு இந்தாண்ட வர்றதுக்கா, நீ அந்தாண்ட பாக்குறதுக்கா?”

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. பால் சொசைட்டியில் மட்டும், ஒரு நோயாளிக்காகச் சொந்தச் சுவரையே விட்டுக்கொடுத்தவள் என்று என்னைப் பற்றி யாரோ பேசிக்கொண்டார்கள். ஆரம்பித்துவைத்தது நான்தான்.

வைகாசியில் வண்டி தயாராகிவிட்டது. பழைய மினி பஸ்ஸின் சீட் ஒன்று, சைக்கிள் மணி ஒன்று, முன்னும் பின்னும் போக ஒரு பித்தளைப் பிடி. “தங்கச்சி, முதல் பயணம் நீதான்” என்று சூசையண்ணன் கூப்பிட்டார். பொங்கலுக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினேன். ஓடை வரைக்கும் போய்த் திரும்பினேன். நடந்து போகிறவனைவிட ஒரு சொட்டு வேகம் அதிகம், அவ்வளவுதான். இருந்தாலும் வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டு, பக்கத்து மாடிகளில் நின்றவர்களுக்குக் கையாட்டிக்கொண்டு போனேன். இறங்கி எங்கள் பக்கம் வந்த பிறகுதான் சுவரின் ஓட்டை வழியாக அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

“அவள ஏன் மொதல்ல ஏத்துனீங்க?”

“ரெண்டு மூட்ட சிமெண்டு ஏத்திப் பாக்கலாம்னுதான் இருந்தேன். தங்கச்சி இருக்கையில மூட்டைய எதுக்குத் தூக்கிக்கிட்டு?”

சேலையை மடித்து வைத்துவிட்டேன்.

அதற்குள் நான் பால் சொசைட்டியில் சொன்னது ஊரைச் சுற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக இங்கே வந்து வரிசையில் நின்றார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்துகூட ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அமலியக்கா மட்டும் ஏறவில்லை.

காலையில் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கு நடப்பார். சூசையண்ணன் பக்கத்திலேயே அதே வேகத்தில் ரயிலை ஓட்டிக்கொண்டு வருவார்.

“ஏறேன் அமலி.”

“நீங்க போங்க. நான் வரேன்.”

“காலியாத்தான போவுது.”

“அப்ப சீக்கிரமாப் போவும்ல. போங்க.”

ஏன் ஏறவில்லை என்பதைத் தெருவுக்கு விளக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முதலில் கரண்டு பயம் என்றேன். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆடியில் அதை மாற்றி, அடைக்கல மாதாவுக்கு ஏதோ வேண்டுதல், வண்டியில் ஏற மாட்டாராம் என்றேன். புரட்டாசியில், முதலில் என்னை ஏற்றியதால் வந்த கோபம் என்று சொன்னேன். எனக்குப் பிடித்தது அதுதான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: “ஆனா அந்த ஆட்டையும் கோழியையும் வுட்டுட்டு அமலியக்கா ஊரத் தாண்டி எங்கயும் போவாது. போனாலும் உசுரு தங்காது.” அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்துகொள்பவள் என்றுதான் எனக்குப் பெயர்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மண் கரிசல். வெயிலில் வாய் பிளக்கும், மழையில் உப்பும். இந்தத் தெருவில் விரிசல் இல்லாத சுவர் கிடையாது, எல்லாம் இந்த மண்ணின் வேலைதான். வீட்டுக்கு வீடு ஒரு விரிசலைக் காலண்டர் மாட்டி மறைத்து வைத்திருக்கிற நாங்கள் அத்தனை பேரும், சித்திரையில் அதே மண்ணில் தண்டவாளம் போடுவதைச் சுற்றி நின்று பார்த்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்குள் தண்டவாளம் இங்கே மேடும் அங்கே பள்ளமுமாக நெளிந்து கிடந்தது. மோசமான மேடு எங்கள் கொல்லைக்குள் வந்த வளைவில்தான்.

லியோ பிரபு காலையில் வந்து, ஏலாக்குறிச்சிக்குப் போய்த் தாத்தா கல்லறையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுக் கொல்லைக்கு வந்தான். சூசையண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு ஓடாவிட்டால் வீடு போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நான் ஏறிக் காட்டுறேண்ணே. பழகுன ஆளு” என்று நானே முன்னால் போனேன்.

நடுவழி வரை ஒழுங்காகப் போன மாதிரிதான் இருந்தது. வளைவில் வண்டி மேட்டில் ஏறியது, ஒரு பக்கம் சாய்ந்தது, ராட்டினம் கம்பியை விட்டு நழுவியது. மூங்கில் வானத்தைப் பார்த்து ஆட, நான் எங்கள் கொல்லைப் பக்கமாகச் சாய்ந்தபடி நின்றுபோனேன். கீழே முழங்கால் அளவு சேறு. எதிரே எங்கள் சமையலறைப் பின்வாசல்: நேற்றைய பாத்திரம் அப்படியே கிடக்கிறது, கொடியில் என் வீட்டுக்காரரின் கிழிந்த பனியன். ஆறு மாதமாக இந்த ஓட்டை வழியாக அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பக்கத்திலிருந்தும் எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

ராசாங்கம் காபி டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார். “எந்த ஸ்டேஷனு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

லியோவும் சூசையண்ணனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை இறக்கினார்கள்.

“மழைக்குக் கொஞ்சம் உப்பிடுச்சு, லியோ” என்றார் சூசையண்ணன். “அடியில ஜல்லி கொட்டிட்டா சரியாயிடும். தை வரைக்கும் டைம் குடு. நான் பொறந்த மண்ணுடா இது.”

“அப்பா, அம்மா இதுல வர்றப்ப இப்படி ஆயிருந்தா?”

“அம்மா ஏறுனா மெதுவா ஓட்டுவேன். அமலி, ஒரே ஒரு தடவ ஏறிக் காட்டேன். அவன் பாக்கட்டும்.”

அமலியக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. லியோ அவரிடம் திரும்பினான். “நீ சொல்லும்மா. உனக்கு இங்கயே இருக்கணுமா?”

“இது என்ன கேள்வி தம்பி?” என்றேன், சேற்றுக் காலோடு. “அக்கா இந்த ஆட்டையும் கோழியையும் வுட்டுட்டு…”

“நீ செத்த வாய மூடு பூங்குழலி.” என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு, கணவரைப் பார்த்தார். “இந்த ரயிலு எங்க போவுது?”

“கொல்லைக்குத்தான்.”

“அங்க எனக்கு என்ன ஜோலி? சொல்லுங்க, லியோவும் கேக்கட்டும்.”

“ஆட்டுக்குத் தழ போடணும், புழுக்க அள்ளணும். கோழியத் தொறந்து வுடணும். அப்புறம் துணி…” சூசையண்ணன் அங்கேயே நின்றுவிட்டார்.

“விழுந்தன்னைக்கு நெனச்சேன், இனிமே நீ ஒண்ணும் பாக்க வேணாம் அமலின்னு ஒரு வார்த்த வரும்னு. நீங்க என்னடான்னா வேலைக்குப் போவ ரயிலு வுடுறீங்க.”

ஆடு ஒன்று கத்தியது.

“சொல்லியிருக்கலாம்ல.”

“எப்பச் சொல்ல? எப்பப் பாத்தாலும் மோட்டாருக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு இருந்தீங்க.” குரல் கொஞ்சம் இறங்கியது. “அழகாத்தான் செஞ்சிருக்கீங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் போறேன். அங்க லிஃப்டு இருக்காம், பேத்தி இருக்கா. வரதுன்னா நீங்களும் வாங்க.”

“ஆட்ட யாரு பாக்குறது?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

அன்று சாயங்காலமே லியோவின் காரில் அவர் போய்விட்டார். கரண்டு பயம், வேண்டுதல், கோபம் என்று நான் ஊருக்குச் சொன்ன மூன்றும் அங்கேயே சேற்றில் கிடந்தன. மறுநாள் பால் சொசைட்டிக்கு நான் போகவில்லை; பாக்கெட் பால் வாங்கினேன்.

சூசையண்ணன் வீம்பாகத் தங்கினார். ஜல்லி கொட்டி, தண்டவாளத்தை நிமிர்த்தி, ரயிலிலேயே போய் ஆட்டுக்குத் தழை போட்டார். ரயில் கொண்டுபோய் விடுமே தவிர, புழுக்கையை அள்ளாது என்பதை ஒரு மாதத்தில் கண்டுகொண்டார். மார்கழியில் ஆடுகளை விற்றார். பொங்கலுக்குள் கோழிகளும் போயின. துணிக்கு மிஷின் வாங்கி வாசல் பக்கமே வைத்துக்கொண்டார். அப்புறம் ரயில் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. தினமும் சாயங்காலம் அதில் ஏறி ஓடை வரைக்கும் போவார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், திரும்புவார்.

“அமலி, இப்ப ஒரு ஆட்டங்கூட இல்லாம ஓடுது” என்று போனில் சொல்வார்.

“சாப்டீங்களா?” என்று கேட்கும் ஸ்பீக்கர்.

மாசியில் அவரும் படப்பைக்குப் போய்விட்டார்.

வீட்டை விக்கிரமங்கலத்து ஆசிரியர் குடும்பம் ஒன்று வாங்கியது. நல்ல மனிதர்கள், பேசிக்கொள்வது வெளியே கேட்காது. ரயிலைக் கம்பி, கம்பத்தோடு வாலிகண்டபுரத்து விவசாயி சாமிக்கண்ணு பிரித்துக்கொண்டு போனார். வயலிலிருந்து சின்ன வெங்காயத்தை ஏற்றி வருகிறாராம். அமலியக்காவுக்குப் படப்பைப் பக்கமே முட்டி ஆபரேஷன் நடந்து, இப்போது கம்பில்லாமல் நடக்கிறார். ஃப்ளாட்டில் துணி காயப்போடுவது சூசையண்ணன் வேலை. கொடியை ஏற்றி இறக்க ஒரு மோட்டார் வைக்கலாமா என்று கேட்டாராம்; கையால இழுங்க என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

வைகாசியில் எங்கள் மகள் தென்றலுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர். பார்த்துச் சொன்னதே அமலியக்காதான். லிஃப்டில் ஏறி இறங்கினாலே நாலு மாடிக் கதையும் வந்துவிடுகிறதாம் அவருக்கு. தென்றல் அவர்களுக்கு எதிர் பிளாக்கில் குடியிருக்கிறாள். என் மகள் நேற்றுச் சமைக்கவில்லை, ஓட்டலில் வாங்கினாள் என்பதையெல்லாம் இப்போது அமலியக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். சித்திரையில் நானும் ராசாங்கமும் அங்கே குடிபோகிறோம். மூன்றாவது மாடியில் ஒரு வீடு காலியாம். பால்கனியில் நின்றால் மூன்று பிளாக்கும் தெரியும் என்று அமலியக்கா சொல்லி, முன்பணத்தையும் கொடுத்துவைத்துவிட்டார்.