எழுபத்து மூன்று நாள்

தாய்லாந்தின் எல்லையில் இருக்கும் நோங்காய் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்காரனுக்கும் கொய்யாப்பழத்துக்கும் சொல் ஒன்றுதான். அதனால் புவாலா தன் ஆளைக் கொய்யா என்று கூப்பிட்டது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. டென்மார்க்கில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வந்த ஹென்னிங்குக்கு, இங்கே இருந்த பத்தொன்பது வருஷத்தில் சொந்தப் பெயரைவிட அதுதான் பிடித்துப்போயிருந்தது.

ஆற்றங்கரைச் சந்தையில் புவாலா பப்பாளிக்காயை மிளகாய் போட்டு இடித்து விற்றாள். பக்கத்துக் கடை மீன்காரிக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"என்னடி, உன் கொய்யா இன்னும் காயாவே இருக்கா, கனிஞ்சிருச்சா?"

"உனக்கு எதுக்குடி அது? என் மரத்துல கல்லு விடுற வேல வச்சுக்காத."

மழைக்காலத்தில் ஒருநாள் காலை கொய்யா காபிக் குவளையைத் தூக்கினார். குவளை மட்டும் கீழே விழவில்லை, அவரும் விழுந்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துப்போனது. பேச்சில் நாலைந்து சொல் மிஞ்சியது. ஆமா, இல்லை, தண்ணி, புவா, வீடு. அதற்கப்புறம் மீன்காரி கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டாள். புவாலாவுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காகித வேலையெல்லாம் அதுவரை அவர் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னும் ஒரு வருஷம் இங்கே இருக்கலாம் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குவார். அது போக, தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை, இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று குடிவரவு அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் தைத்துக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு. வாத்தியாருக்குத் தெரியும். வாத்தியார் பெண்டாட்டிக்குத் தெரியாது.

முத்திரை ஆங்கிலத்தில் இருந்தது. சீட்டு அவளுக்குத் தெரிந்த தாய்லாந்து மொழியில் இருந்தது. 'அடுத்த முறை' என்று போட்டு ஒரு தேதி. தெரிந்த எழுத்தைத்தானே கண் நம்பும்? அக்டோபர் பதினாறில் அவருக்குப் பதிலாக அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஜனவரி பதினாலு என்று சீட்டு வந்தது. அங்கிருந்தவர், "முத்திரைத் தேதியையும் பாத்துக்கங்கம்மா" என்று சொன்னதும் காதில் விழுந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் பதினாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கட்டிலில் கிடந்தவரிடம் காட்டினாள்.

"பாத்தியா கொய்யா? நான் ஒண்ணும் மக்கு இல்ல."

அவர், "இல்ல" என்றார். மக்கு இல்லை என்கிறார் என்று அவளுக்கு ஒரே பெருமை. நாட்காட்டி தப்பு என்று சொன்னாரோ என்னவோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

பதினாலாம் தேதி ஒருநாள்கூடத் தவறாமல், தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவி, பாஸ்போர்ட்டோடு போய் நின்றாள். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டுவதுபோல் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். மறுபடி புரட்டினாள்.

"அக்கா, இவர் இருக்கிற காலம் நவம்பர் ரெண்டோட முடிஞ்சுபோச்சே."

"இல்லம்மா, சீட்டப் பாரு. பதினாலுன்னு நீங்களே போட்டது."

"அது எங்க இருக்கார்னு சொல்ற சீட்டுக்கா. இருக்கலாம்னு சொல்ற சீட்டு இல்ல. இதோ, அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு."

அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. புவாலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னியோட எழுபத்து மூணு நாள் அதிகமா இருந்திருக்கார்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "தொண்ணூறு தாண்டுறதுக்குள்ள தானா வெளிய போயிட்டா அபராதத்தோட போயிரும். தாண்டுச்சுன்னா, ஒரு வருஷத்துக்குத் திரும்ப உள்ள வர முடியாது. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம், லாவோஸுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. வியந்தியான்ல புது விசா வாங்கிட்டு வந்திரலாம்."

"அவரால எந்திரிச்சு உக்காரவே முடியாதும்மா. மன்னிச்சு விட்டிரக் கூடாதா? தப்பு என்னோடது. அவரோடது இல்ல."

"எனக்குத் தெரியுதுக்கா. முத்திரைக்குத் தெரியாதே" என்றாள் அவள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "கல்யாணத்தப் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"ஊரே சேந்து மணிக்கட்டுல நூல் கட்டி விட்டுச்சு."

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

கொய்யா எப்போதும் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான். "நான் செத்தா நம்ம கோயில்லயே எரிச்சிரு புவா. எங்க ஊரு மண்ணு ஐஸ் மாதிரி. அதுல என்னப் போட்டிராத." எப்படியாவது உயிரோடு திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் புவாலாவுக்கு இப்போது இருந்த ஒரே நினைப்பு.

இருபதாம் தேதி மீன்காரியின் மகன் வண்டியில் படுக்க வைத்துக் கூட்டிப்போனார்கள். அபராதம் கட்டி, முத்திரை வாங்கி, மேகோங் ஆற்றைக் கடந்தார்கள். வண்டி பாலத்தில் ஏறியதும் அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, "வீடு" என்றார். "போயிட்டு வந்திரலாம்" என்றாள்.

வியந்தியானில் மணிவோன் என்ற லாவோஸ்காரி வீட்டுக் கீழ் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். நல்ல மனுஷி. வந்த அன்றே சோற்று உருண்டையும் வெள்ளை நூலும் கொண்டுவந்து, அவர்கள் வழக்கப்படி, உடம்பை விட்டுப் பயந்து ஓடின உயிர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு, கொய்யாவின் செத்த கையிலும் நல்ல கையிலும் கட்டிவிட்டாள்.

விசாவுக்கு, கணக்கில் பணம் இருக்கிறது என்று வங்கிக் கடிதம் கேட்டார்கள். நோங்காயில் இருந்த வங்கி அவர் கையெழுத்தைக் கேட்டது. இடது கையால் அவர் போட்ட கிறுக்கலைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி இல்லையே என்றார்கள். வாதம் வந்த கைக்கு எந்த மாதிரி தெரியும்? கடைசியில் இரண்டு சாட்சியும் வைத்தியர் சான்றும் இருந்தால் கைநாட்டு போதும் என்று இறங்கிவந்தார்கள்.

"நாலு பாஷை படிச்ச வாத்தி, கடைசில கைநாட்டு ஆயிட்டியே" என்று அவர் கட்டைவிரலில் மை தடவினாள் புவாலா. அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் அது பழைய சிரிப்பு. அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. புவாலாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. "நான் எங்க போகப்போறேன்?" என்று ஆயுசெல்லாம் வாங்காமலே இருந்துவிட்டாள். எல்லை ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் பாஸில்தான் வந்திருந்தாள். அதில் மூன்று பகல், இரண்டு இரவுதான் தங்கலாம். பத்தொன்பது வருஷம் அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலை இவளுக்கு வந்தது. இரண்டு ராத்திரி கழிந்தால் விடிந்ததும் பஸ் ஏறி, பாலம் தாண்டி, முத்திரை வாங்கி, புதுப் பாஸ் எடுத்து, மறுபடி பாலம் தாண்டி வருவாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை. ஒருநாள் கூடுதலாக இருந்தால் என்ன என்று மணிவோன் கேட்டதற்கு, "ஒரு தடவ நாளத் தப்பா எண்ணினதுக்கே இங்க வந்து கெடக்கோம்" என்று சொல்லிவிட்டாள். நாள் கணக்கைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருந்தது.

ஒன்பதாவது தடவை போனபோது வங்கிக் கடிதம் தயாராக இருந்தது. அதை வாங்கி, மடங்காமல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு, பாலத்து முத்திரை வரிசையில் வந்து நின்றாள். அன்று சுற்றுலாக் கூட்டம். வரிசை நகரவே இல்லை. கொய்யாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'கிளம்புடா, எல்லாம் முடிஞ்சுது, இனி ஒரு வாரந்தான்.'

மணிவோன் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் நின்ற நிலையே சொல்லிவிட்டது.

"பதினோரு மணிக்கு, அக்கா. கஞ்சி ரெண்டு கரண்டி குடிச்சாரு. உங்களத் தேடுனாரு. முத்திரை வாங்கப் போயிருக்காங்கன்னு சொன்னேன். ஆமான்னாரு."

பதினோரு மணிக்கு அவள் வரிசையில் பதினைந்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். புவாலா அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாந்தான் கொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாததால கொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை. எச்சிலைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

உடலைப் பாலம் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமென்றால் ரத்த உறவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மணிக்கட்டில் கட்டிய நூல் உறவில் சேராது. டென்மார்க்கில் இருந்த அவர் மகள் நல்லவள்தான்; போனில் அழுதாள், புவாலா சொன்னது புரியாமல் அங்கேயே எரித்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினாள். வியந்தியானில் ஒரு சின்னக் கோயிலில் எரித்தார்கள். அவர் கேட்டது இந்தக் கோயில் இல்லை. எலும்பையும் சாம்பலையும் வெள்ளைத் துணியில் கட்டி, மூடி போட்ட பானையில் வைத்துக் கொடுத்தார்கள்.

மணிவோன் பஸ் வரைக்கும் வந்தாள். "பாலம் வந்தா வாய் விட்டுச் சொல்லுங்கக்கா. இல்லன்னா உயிரு ஆத்தக் கடக்கத் தெரியாம இந்தப் பக்கமே நின்னுரும்" என்றாள். ஊரில் சாவு விழுந்த வீட்டில் யாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது. புவாலா மடியில் இருந்த பானைமேல் கையை வைத்துக்கொண்டு, "கொய்யா, பாலம் வந்துருச்சு, கூடவே வா" என்றாள். பக்கத்துச் சீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாதி வந்ததும், "இப்ப நம்ம பக்கம் வந்தாச்சு" என்றாள். ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல்திட்டு தெரிந்தது.

இறங்கி வரிசையில் நின்றாள். முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் அவள் பாஸில் முத்திரை குத்தித் தள்ளிவிட்டு, "அடுத்தவங்க" என்றான். புவாலா நகரவில்லை. பானையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா? முத்திரை போட்டாச்சே, போலாம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்துச் சொன்னாள்.

"கொய்யா, கவுண்டர் வந்துருச்சு. நீ வரிசையில நிக்க வேணாம். உனக்கு இனி முத்திரை வேணாமாம். நேரா உள்ள வா."

அந்த இளைஞன் எழுந்து நின்று, அவள் தாண்டிப் போகிறவரைக்கும் உட்காரவில்லை.