உறங்கியவர்: அழகியநம்பி

கரமனையில் வாயனசாலை என்கிற படிப்பகத்தை ஒட்டிய மண்டபத்தில் கூடுகிற, துண்டுத்துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைக்கிறவர்களின் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தைத்தவர் அல்லாத வேறொருவர் ஒரு ராத்திரி முழுக்கப் போர்த்தி உறங்கி எழுந்த பிறகுதான் ஒரு குயில்ட் கண்காட்சிக்கு ஏறும். சும்மா வைத்த சட்டமில்லை. முதல் கண்காட்சியில் ஒருவர் ஆசையாக வாங்கிப்போன போர்வைக்குள் குண்டூசி ஒன்று மறந்து கிடந்து, குழந்தையின் கன்னத்தைக் கீறிவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு, கூட்டத்தை நடத்தும் ஸ்ரீப்ரியா இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். தைத்தவளிடம் கேட்டால், குத்தினாலும் குத்தவில்லை என்றுதான் சொல்வாள். அதனால் ஒவ்வொரு குயில்டுக்கும் கீழே மாட்டும் அட்டையில் தைத்தவர் பெயரோடு உறங்கியவர் பெயரும் இருக்கும். திறப்பு நாளன்று உறங்கியவர் எழுந்து, உறக்கம் எப்படி இருந்தது என்று நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும்.

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் போர்வை போர்த்த ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? அதனாலேயே கண்காட்சியை ஆடி மாதத்து மழையில் வைத்தார்கள்.

கூட்டத்தில் ஒருத்தியான முத்தாரம்மாளுக்கு ஆள் பஞ்சம் இல்லை. அடுத்த வீட்டில் கேட்டிருந்தால் குடும்பத்தோடு வந்து உறங்கியிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. தன் முதல் குயில்டைத் தன் புருஷன் அழகியநம்பிதான் போர்த்தி உறங்க வேண்டும், தன் பெயருக்குக் கீழே அவர் பெயர் வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கல்யாணமாகி, மகள் படித்து முடித்துக் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கும் போயாயிற்று. இத்தனை காலத்தில் அவள் செய்த எதையும் அந்த மனுஷன் வாய்திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறக்கும்.

அழகியநம்பிக்குச் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் துணிக்கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த அவர் அப்பா ஆரம்பித்தது. கடையில் மிஞ்சுகிற பிட்டுத்துணியைத்தான் முத்தாரம்மாள் பை பையாக அள்ளி வந்தாள். தரை துடைக்கத்தான் கொண்டுபோகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அதையெல்லாம் வெட்டி இணைத்து, நடுவில் பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்து, மேலும் கீழுமாக நூலோட்டி அவள் ஒரு போர்வையை விரித்துக் காட்டியபோது அவருக்கு வந்ததே கோபம்.

"ஏளா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? துணிக்கடைக்காரன் பெஞ்சாதி துண்டுத்துணிய ஒட்டுப்போட்டுத் தைக்காண்ணு தெரிஞ்சா, கடை முங்கிப்போச்சுண்ணுல்லா கம்போளத்துல பேசுவான்!"

"ஒரு ராத்திரி போத்திக்கிடுங்க. அது மதி. வேற ஒண்ணும் கேக்கல்ல."

"நான் செத்தா வேணும்னா போத்து."

அப்படியும் அவள் விடவில்லை. ராத்திரி அவர் கால்மாட்டில் குயில்டை வைத்துவிட்டுப் படுப்பாள். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். மனுஷன் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்கினாரே ஒழிய, கையை நீட்டி அதைத் தொடவில்லை. காலையில் பார்த்தால் நாற்காலியில் இருக்கும், கடையில் அடுக்கி வைப்பதுபோல விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தபடி. முத்தாரம்மாள் அதை எடுத்து உதறி, ராத்திரிக்கு மறுபடி கால்மாட்டில் வைப்பாள்.

அட்டை எழுத வேண்டும், யார் உறங்கினார்கள் என்று ஸ்ரீப்ரியா போனில் கேட்டாள். "எங்க வீட்டுக்காரங்கதான்" என்று முத்தாரம்மாளின் வாயில் வந்துவிட்டது. அவர் கண்காட்சிப் பக்கம் எட்டிப் பார்க்கப் போவதில்லை, பேச ஆள் எங்கே என்று கேட்டால் உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கிருஷ்ணகுமாரை அவள் மறந்துபோனாள். அழகியநம்பியின் கடைக்கு எதிரே குடைக்கடை வைத்திருப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேப்பர் படிக்க வாயனசாலைக்கு வருவார். கண்காட்சி திறந்த ஞாயிறன்றும் வந்தார், மண்டபத்துக்குள் நுழைந்தார், அட்டையைப் படித்தார், வாசலுக்கு வந்து போனைப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒட்டுத்துணியில உறக்கம் சுகந்தானா? இங்க போர்டுல எழுதி வச்சிருக்கே!"

அழகியநம்பி வந்து சேர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. மழையில் சட்டை பாதி நனைந்திருந்தது, குடைகூட எடுக்காமல் வந்திருக்கிறார். ஸ்ரீப்ரியாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? முகம் மலர்ந்து ஓடிப்போய் மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"சேட்டன் வந்தல்லோ! எப்படி இருந்தது உறக்கம்? ரெண்டு வாக்கு பறயணும்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் மைக்கைப் பார்த்தார், அட்டையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் அவள் மானம் போகும். தன் மானம் போனாலும் பரவாயில்லை, இத்தனை பேர் எதிரில் அவரைப் பொய் சொல்ல வைத்தோம் என்று இருக்கக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தில் முத்தாரம்மாளுக்கு அப்படித்தான் தோன்றியது. அவள் முன்னால் வந்தாள்.

"அவங்க உறங்கல்ல" என்றாள். குரல் உடைந்தது. "நான் பொய் சொன்னேன் ஸ்ரீப்ரியா. அவங்களுக்கு இது பிடிக்கல்ல. அவங்க பேரு வரணும்னு எனக்கு ஆசை, அதான். எந்தங்கச்சி, மன்னிச்சிரு. நான் எறக்கிருகேன்."

அவளே ஸ்டூலில் ஏறிக் கிளிப்புகளைக் கழற்றினாள். கண்ணீரில் கிளிப்பு தெரியவில்லை, தடவித் தடவித்தான் கழற்றினாள். போர்வை சரிந்து விழப்போனபோது கீழே நின்ற அழகியநம்பி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

துணிக்காரன் கையில் துணி விழுந்தால் சும்மா இருக்குமா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே வேலையை ஆரம்பித்தன. இணைப்பைத் தடவினார். திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையை இழுத்து விட்டார், மறுபடி தடவினார்.

"இந்தக் கறுப்புப் பாப்ளின்..." என்றார். "ஒரு பயலும் வாங்க மாட்டேன்னு கெடந்த சரக்குல்லா இது."

"ஆமா."

"இதை மஞ்சள் ரூபியாத் துணிகூடச் சேத்து வைக்க உனக்கு ஆரு சொல்லித் தந்தா?"

"ஆரும் சொல்லல்ல. நானாத்தான் வச்சேன்."

அவர் அந்த இடத்தை விரலால் ஒருமுறை நீவினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்ரீப்ரியாவிடம் திரும்பினார்.

"ராத்திரிதான் உறங்கணுமோ? பகல்ல உறங்கினா ஏக்காதோ?"

ஸ்ரீப்ரியாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், "மதி, மதி! உறங்கினா மதி!" என்றாள்.

மண்டபத்தின் ஓரத்தில் பேப்பர் படிக்கிற நீள மேஜை கிடந்தது. அழகியநம்பி அதன்மேல் இருந்த பேப்பர்களை ஒதுக்கினார், செருப்பைக் கழற்றினார், ஏறிப் படுத்தார். நாலு பேர் எதிரில் குரலை உயர்த்திப் பேசக்கூட யோசிக்கிற மனுஷன், ஊர் பார்க்க அந்த ஒட்டுத்துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முத்தாரம்மாள் ஸ்டூலிலிருந்து இறங்க மறந்து நின்றாள்.

கிருஷ்ணகுமார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, இது என்ன கோலம்? கம்போளத்துக் குரூப்புல போடட்டா?"

"போடும் வே, நல்லாப் போடும்" என்றார் அழகியநம்பி, கண்ணைத் திறக்காமலே. "எம் பெஞ்சாதி தைச்சதாக்கும். தையல் தெரியுக மாதிரி கிட்டக்க வந்து எடும். எடுத்துட்டு அந்தால போவும், ஒச்ச சத்தம் உண்டாக்காம. எனக்கு உறங்கணும்."

சொன்னபடியே உறங்கியும் போனார். கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லாவில் சாய்ந்து உறங்கிப் பழகிய உடம்பு. சிறிது நேரத்தில் குறட்டை கிளம்பியது. ஸ்ரீப்ரியா மைக்கை அணைத்தாள். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மெல்ல நடந்து மற்ற குயில்டுகளைப் பார்த்தார்கள். முத்தாரம்மாள் மேஜையருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷம் ஒரே நாளில் வந்தால் அவளும்தான் என்ன செய்வாள்?

கண்ணாடி போட்ட ஒரு அம்மா அருகில் வந்து குனிந்து தையலைப் பார்த்தார். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்த இடத்தில் விரலை வைத்து, இதற்கு என்ன விலை என்று ரகசியமாகக் கேட்டார்.

"இதைத் தர மாட்டேன்மா" என்றாள் முத்தாரம்மாள். "ஆளு உறங்குதுல்லா."