மேகம்பிடிச்சானோடு கயிறு இழுத்த நாள்

மேகம் தண்ணீர் குடிக்க இறங்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடிவானத்தில், மாடு மாதிரி, முன்னங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு இறங்கும். கடலில் முகத்தை வைக்கும். உறிஞ்சுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்கும்.

வெளுப்பாக வரும். கறுப்பாகத் திரும்பும். திரும்புகிற வழியில் எங்கள் ஓசைக்கரையின் மேல் நாலு நாள் நின்று பெய்துவிட்டுப் போகும். எங்கள் ஊருக்குத் தண்ணீர் என்றால் அதுதான். அது மட்டும்தான்.

அந்த ஐப்பசியில் வந்தது பெரிய மேகம். மேகங்களுக்கெல்லாம் மூத்தது. குடித்தது. நிமிரவில்லை. மறுபடி குடித்தது. பகல் முழுக்கக் குடித்தது. கடல் ஒரு முழம் வற்றியது என்றால் நம்ப மாட்டீர்கள். அரை முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. அவ்வளவு கனம். மெல்லச் சாய்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. முழுகிப் போனது.

மூத்தது வராத வழியில் இளைய மேகங்களும் வரவில்லை.

ஒரு வருஷம் வெயில். இரண்டு வருஷம் வெயில். வெயிலா அது! நண்டுகள் நிழலுக்காக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அடியில் நின்றவை தூங்கின. உச்சியில் நின்ற நண்டு மட்டும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது. என் காதால் கேட்டேன்.

மேலத்தெருக் கிணறு முதலில் கரித்தது. பிறகு கோயில் கிணறு. கடைசியாக எங்கள் வீட்டுக் கிணறு. கஞ்சிக்கு உப்புப் போடுவதை ஊரே நிறுத்திவிட்டது.

வண்டிகள் கிளம்பின. முக்கால் ஊர் போய்விட்டது. அடுப்புகள் அணைந்த வீடுகளின் வழியாகக் காற்று மட்டும் வந்து போனது.

செவந்தியும் வண்டியில் பாத்திரங்களை ஏற்றிவிட்டாள். செவந்தி என் மனைவி. கோபப்பட மாட்டாள். அதுதான் பயம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல எங்க அக்கா வீடு. நீங்க உங்க பேரோட இங்கேயே இருங்க" என்றாள். அன்றைக்குத் திங்கள்.

என் பேர் என்றால் லேசுப்பட்டதில்லை. நான் சுறவேலன். ஓசைக்கரையின் வீரன். ஒரு சுறாவைக் காதைப் பிடித்துத் திருகியவன். சுறாவுக்கு ஏது காது என்பீர்கள். அதற்குப் பிறகுதான் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, மேகம்பிடிச்சானின் மூக்கை உடைத்து விரட்டியவன்.

மேகம்பிடிச்சான் புகைமலையில் இருந்தான். எங்கள் மழையைத் திருடியே வளர்ந்தவன். மலை மேல் நின்று வலை வீசுவான். போகிற மேகத்தை அப்படியே மடக்கி, குகைக்குள் அடைத்து, அதன் மேல் படுத்துத் தூங்குவான். அவன் வலை, அவனுடைய சொந்த முடியில் பின்னியது. மூடுபனிகூட அதில் ஒழுகாது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் ஈட்டியோடு மலையேறினேன். அன்றைக்கு அவன் மலையின் மறுபக்கம் இறங்கிப் போனான். போட்டுவிட்டுப் போன மேகம் ஊர் மேல் பெய்தது. நனைந்துகொண்டே ஊர் பாட்டுக் கட்டியது. அன்றிலிருந்து கரைவலை இழுக்க எங்களுக்கு அந்தப் பாட்டுத்தான்.

இப்போது மேகம் கடலுக்கடியில். எங்கள் வலையில் மீன் நிற்கும். மேகம் நிற்காது.

யோசித்தேன். செவ்வாய் முழுக்க யோசித்தேன். புதன்கிழமை விடிந்ததும் புகைமலை ஏறினேன். ஈட்டி எடுத்துப் போகவில்லை. அதில் செவந்தி துணி காயப்போட்டிருந்தாள்.

மலை அப்போது இருந்ததைவிட மூன்று மடங்கு வளர்ந்திருந்தது. என் முழங்கால் சாட்சி.

அவன் பாறையில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். வெள்ளைத் தாடி. அது பாறையைச் சுற்றி வந்து அவன் காலடியிலேயே முடிந்தது. பின்னால் குகை. காலி. வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தான்.

"வாய்யா, மூக்குடைச்சவனே."

"உன் வலை வேணும்" என்றேன். மேகம் முழுகியதைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. மேகம் இல்லாமல் அவனும் இரண்டு வருஷமாக வெறும் பாறையில்தான் படுத்திருந்தான்.

"வலையை யார் கையிலயும் குடுக்கிறதில்ல. நானே வர்றேன். ஒரு முனை எனக்கு."

"பதிலுக்கு என்ன கேப்ப?"

"அப்புறம் சொல்றேன்" என்றான். வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

வியாழக்கிழமை காலை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. மிச்சமிருந்த ஊர் கரையில் நின்றது. பன்னிரண்டு பேர். அவன் மணலில் இறங்கி வந்தபோது பன்னிரண்டு பேரும் ஓர் ஆளின் பின்னால் ஒளிந்தார்கள். அந்த ஆள் செவந்தி.

"இவன் மேகத்தைத் தூக்கிட்டு ஓடிருவான்க்கா" என்றான் படகுக்காரன் ஓடக்கண்ணு.

"ஓடட்டும். தண்ணிக்கடியில கிடந்தா மட்டும் நமக்கு என்ன கிடைக்குது?" என்றாள் செவந்தி. கையில் துணி சுற்றிக்கொண்டு கயிற்றுக்கு வந்துவிட்டாள்.

வலை வீசினான். ஒரே வீச்சு. வலை விரிந்தது, விரிந்தது, காலை வெயிலையே கொஞ்ச நேரம் மறைத்தது. அடிவானத்தில் போய் விழுந்தது. விழுந்த சத்தம் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் செவந்தி ஒரு வெற்றிலை போட்டு முடித்திருந்தாள்.

கரைவலைக்கு இரண்டு கயிறு. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் கடலுக்குள் வலையின் மடி, மீன் வந்து சேர்கிற பை. இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சாயும். சாய்ந்தால் உள்ளே இருப்பது வெளியே.

இன்னொன்றும் உண்டு. இழுக்க இழுக்க, இரண்டு பக்கத்து ஆட்களும் மணலில் பக்கம் பக்கமாக நகர்ந்து வருவார்கள். தொடங்கும்போது முகம் தெரியாது. முடியும்போது தோள் இடிக்கும்.

வடக்குக் கயிற்றில் நானும் செவந்தியும் பன்னிரண்டு பேரும். தெற்குக் கயிற்றில் அவன் மட்டும். அவனே நாற்பது பேர்.

ஓர் இழுப்பு. ஓர் அடி. ஓர் இழுப்பு. ஓர் அடி.

பாட்டு இல்லாமல் கயிறு ஒன்றாக வராது. ஒருவர் கேட்க, எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். பதில் விழுகிற இடத்தில் இழுக்க வேண்டும். கேட்பது எப்போதும் நான்தான். வாய் தானாகத் திறந்தது.

புகைமலையில் ஏறினது யாரு?
சுறவேலன்! சுறவேலன்!

ஈட்டியால மூக்குடைச்சது யாரு?
சுறவேலன்! சுறவேலன்!

வாலைச் சுருட்டி ஓடினது யாரு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெற்கே நின்றுகொண்டிருந்தது.

பன்னிரண்டு பேரும் பழக்கத்தில் கத்திவிட்டார்கள். மேகம்பிடிச்சான்! மேகம்பிடிச்சான்! கத்திய பிறகுதான் உறைத்தது. உறைப்பதற்குள் எங்கள் கயிறு ஓர் அடி வந்துவிட்டது. அவன் கயிறு வரவில்லை.

அவன் நின்றுவிட்டான். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினான். மணலில் உட்கார்ந்தான்.

கடலுக்குள் வலை மெல்லச் சாய்ந்தது. நுரை கிளம்பியது. மேகம் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு கறுப்பு, தெற்கே நழுவத் தொடங்கியது.

"யோவ், ஏன் உக்காந்துட்டே?" என்று கத்தினேன்.

"பாட்டை மாத்து."

"இந்த ஊருக்கு வேற பாட்டு கிடையாதுய்யா!"

"அப்ப மேகமும் கிடையாது." தாடியை ஒதுக்கிக்கொண்டான். "நான் கேக்கிறதை அப்புறம் சொல்றேன்னேன்ல. இதுதான். அன்னைக்கு நான் ஏன் போனேன்? அதைப் பாடு. உள்ளபடி பாடு."

நான் கடலைப் பார்த்தேன். மணலைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷத்துப் பேர். கல்யாண வீட்டில் முதல் பந்தி. தெருவில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்கிற மரியாதை. கறுப்பு இன்னும் ஒரு பாகம் நழுவியது.

பின்னால் செவந்தியின் குரல். அமைதியான குரல். "பாடுங்க. ஒரு மூக்கை எத்தனை வருஷத்துக்குத்தான் உடைப்பீங்க?"

அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. நான் தூக்கத்தில் பேசுவேன் போல.

பாடினேன். குரல் முதலில் கொசு மாதிரி வந்தது.

ஓங்கின ஈட்டி பட்டுச்சா?

இந்தப் பதில் ஊருக்குத் தெரியாது. நானே சொன்னேன். படலையே. படலையே.

மூக்கு அன்னைக்கு உடைஞ்சுச்சா?
உடையலையே. உடையலையே. செவந்தி மட்டும் சேர்ந்துகொண்டாள்.

பின்ன எதுக்கு அவன் போனான்?

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடல்கூடக் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது.

பல்வலியில! பல்வலியில!

உண்மை அதுதான். நான் ஈட்டியை ஓங்கியபோது அவன் கன்னம் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'கொஞ்சம் இரு' என்று காட்டினான். நான் இருந்தேன். இடுப்பு மடியில் இருந்த கிராம்பை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பல்லில் வைத்துக்கொண்டு, மேகத்தை அங்கேயே போட்டுவிட்டு, வைத்தியம் தேடி மறுபக்கம் இறங்கிப் போனான். நடந்தது இவ்வளவுதான். இதைக் கொண்டு வந்து ஊரில் சொன்னால் யார் பாட்டுக் கட்டுவார்கள்?

"கிராம்பையும் சேத்துக்க" என்றான் தெற்கிலிருந்து. எழுந்து நின்றிருந்தான்.

கிராம்பு குடுத்து அனுப்புனது யாரு?

முதலில் ஓடக்கண்ணு சிரித்தான். பிறகு பன்னிரண்டு பேரும். சிரித்துக்கொண்டே கத்தினார்கள். சுறவேலன்! சுறவேலன்! அந்தப் பாட்டில் என் பேர் அவ்வளவு சத்தமாக விழுந்ததே இல்லை.

சிரிப்பு இழுக்கிற இழுப்பை வீரம் இழுக்காது. கயிறு ஓடி வந்தது. தெற்கிலிருந்தும் பதில் வந்தது. கட்டைக் குரல். ஆனால் சரியான இடத்தில் விழுந்தது.

நூறு அடி தள்ளி அவன். பிறகு ஐம்பது. பிறகு பத்து. பிறகு அவன் தாடி என் காலில் சிக்கியது.

மடி கரையேறியது.

மேகத்தைப் பக்கத்தில் பார்ப்பது வேறு. நீலம். கறுப்பு. நடுவில் எங்கேயோ ஒரு வெளிச்சம், விளக்கை முந்தானைக்குள் மறைத்த மாதிரி. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்து விக்கல் இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு மின்னல். கூடவே நாலு மத்தி மீன் வெளியே விழுந்தது.

அவன் வலையின் வாயைச் சுருக்கினான். முடிச்சுப் போட்டான். தூக்கித் தோளில் வைத்தான்.

யாரும் அசையவில்லை. தடுக்க எங்களிடம் என்ன இருந்தது? பன்னிரண்டு பேர், பாதி சிரிப்பு, துணிக்கொடியாய்ப் போன ஓர் ஈட்டி.

அவன் மலையைப் பார்த்து நடந்தான். ஓர் அடி. இரண்டு அடி. மூன்று அடி.

அவன் முதுகில் மேகம் சொட்டிக்கொண்டிருந்தது. மணலில் ஈரப் புள்ளிகள் விழுந்தன. செவந்தி முன்னால் வந்தாள். குனிந்து, அந்த ஈரத்தை விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அதைப் பார்த்தானா, வேறு எதையாவது பார்த்தானா, எனக்குத் தெரியாது.

முடிச்சை அவிழ்த்தான்.

மேகம் எழுந்தது. மெல்ல எழுந்தது. தூங்கி எழுந்த ஆள் மாதிரி உடம்பை முறுக்கியது. கரையை மூடியது, ஊரை மூடியது, காலி வீடுகளை மூடியது. எல்லாம் ஒரு நிறமானது.

முதல் துளி பலாப்பழம் அளவு இருந்தது. சரி, பலாச்சுளை.

பெய்தது. நாங்கள் எல்லோரும் ஓடினோம், கத்தினோம், விழுந்தோம். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். இத்தனை காலமும் மேகத்தைக் குகைக்குள் அடைத்தவன். மேலே விழுகிற மழையை அவன் எங்கே பார்த்தான்? அண்ணாந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றான்.

பக்கத்தில் போனேன். "ஏன்யா விட்டே?"

வாயை மூடினான். என்னை முறைத்தான். பழைய முறைப்பு. "ஊர்ல கேட்டா என்ன சொல்லுவே?"

"நீயே மனசு வந்து விட்டேன்னு..."

"கொன்னுடுவேன்." குரலைத் தாழ்த்தினான். "இப்பவும் பல்வலின்னு சொல்லு."

திறந்த வாயை இப்போதுதானே பார்த்தேன். உள்ளே ஒரு பல் கிடையாது. மழை தங்குதடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

"சரி" என்றேன்.

ஆகவே உங்களிடமும் சொல்கிறேன். பல்வலி. கடுமையான பல்வலி. கடைவாயில். நான் பார்த்தேன்.

வாசலில் வண்டி நனைந்துகொண்டிருந்தது. செவந்தி அண்டாவை இறக்கி மழையில் வைத்துவிட்டாள். குடங்களை வைத்தாள். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் சட்டியை வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் அங்க நின்னு என்ன வேடிக்கை? வண்டியில ஆட்டுக்கல் இருக்கு. வந்து இறக்குங்க."

போனோம். அவன் ஒரு பக்கம் பிடித்தான். நான் ஒரு பக்கம் பிடித்தேன். கல் வழுக்கியது. மழை கண்ணை மறைத்தது.

"மெதுவா" என்றான் மேகம்பிடிச்சான். "உன் பக்கம் தாழுது."