ஜௌபர் முதலாளி தன் காருக்குத் தானே எண்ணெய் மாற்றிய வரலாறு

1922ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பதுளை ஜௌபர் முதலாளியின் மோட்டார் கார் ஒரு முழம் குட்டையாகிப் போனது. அதை அளந்து உறுதி செய்த காலையில் அவருடைய பலசரக்குக் கடையின் பின்முற்றத்தில் இருந்தவர்கள்: ஜௌபர் முதலாளி, அவர் மனைவி ஜெனீரா, அடுப்புப் புகை படிந்த குசினி ஜன்னலுக்குப் பின்னால் மகள் காமிலா, டிரைவர் வீரய்யா, அளவு நாடாவுடன் தையல்காரர் அலவி, தூணில் கட்டியிருந்த ஒரு கிடாய், இவர்களைத் தவிர, வேலை இல்லாத காரணத்தால் எல்லா இடத்திலும் இருக்கும் நாங்கள்.

கார் வாங்கிய மாதமே அலவி அதற்குக் காக்கித் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். அந்த உறைதான் விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. நோயில் கிடந்து எழுந்தவனின் சட்டை போல அது தொங்கியது. அலவி நாடாவை மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "துணி விரியல்ல மொதலாளி. உள்ள ஈக்கிற ஆள்தான் மெலிஞ்ச," என்றார். வீரய்யா அப்புத்தளைப் பாதையில் பல வருடம் மாட்டு வண்டி ஓட்டியவர். காரின் முன்பக்கத்தைத் தடவி, "எளச்சுப் போச்சுங்க. மாடா இருந்தா ஒரு சூடு போட்டுப் பாக்கலாம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. காருக்கு எந்த இடத்தில் சூடு போடுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

இந்தக் கார் உண்மையில் ஒரு வீடாக இருந்திருக்க வேண்டியது. காமிலாவின் கல்யாணத்துக்கு வீடு கட்டுவதற்காக ஜௌபர் முதலாளி மரமும் ஓடும் வாங்கி முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு யோசனை ஒன்று தோன்றியது. கார் இருந்தால் பண்டாரவளை, ஹல்துமுல்லை என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரக்கு விற்கலாம். ஒரே வருடத்தில் ஒன்றுக்கு இரண்டு வீடாகக் கட்டலாம். மரத்தையும் ஓடுகளையும் விற்றுக் காரை வாங்கினார். கதவும் கண்ணாடி ஜன்னலும் வைத்த மூடிய வண்டி. மழை ஊருக்கு அதுதான் சரி என்றார். அவர் சொன்ன கணக்கைக் கேட்டுக் கைதட்டியவர்கள் நாங்கள்தான். அவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தாலும் தட்டியிருப்போம்.

காமிலா கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் படுத்து வளர்ந்தவள். மாப்பிள்ளை புவாத் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தான். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருக்க வேண்டும். அவன் தாய் பலீலா விதவை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பெண் பார்க்க வந்த அன்று சாக்குத் திரையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, "வீடு தராட்டியும் பரவாயில்ல நானா. ஒரு அறை போதும். ஆனா கதவு ஈக்கோணும், அது உள்ளால பூட்டோணும். சாக்குக்குப் பின்னால என்ட மகன் மாப்புள்ளயா ஈக்க ஏலா," என்று ஜௌபர் முதலாளியை அண்ணன் முறை வைத்தே சொல்லிவிட்டார். நிக்காஹ் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று பேசி முடித்தார்கள். அதற்குள் அறை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. ஒன்றும் நடக்காவிட்டால் காரை விற்று அறை கட்டலாம் என்று ஜௌபர் முதலாளி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கார்தான் முழம் முழமாகக் குறைந்துகொண்டிருந்தது.

குறைவது எங்கே என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கார் விற்ற கொம்பனிக்கு ஊரில் ஒரு கராஜ் இருந்தது. குறித்த தூரம் ஓடியதும் அங்கே கொண்டுபோய்த்தான் என்ஜின் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது சட்டம். காரை உள்ளே விட்டுத் திரையை இழுத்துவிடுவார்கள். சொந்தக்காரருக்கு நாற்காலியும் பிஸ்கட்டும் பால் தேநீரும் கொடுப்பார்கள். தேநீர் குடித்து முடிக்கும்போது கார் பளபளவென்று, சற்றுச் சிறியதாக, வெளியே வரும். கராஜ் ஏஜென்ட் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர், வழுக்கைத் தலை, மரியாதையானவர். ஜௌபர் முதலாளி போய்க் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "பழைய எண்ணெயை வடிக்கேக்க கொஞ்சம் வண்டியும் சேர்ந்து வடியும் முதலாளி. அது வழமை. அச்சடிச்ச புத்தகத்திலயே கிடக்கு." அச்சடித்திருக்கிறது என்றதும் நாங்கள் தலையாட்டினோம். தேநீர் வேறு நன்றாக இருந்தது.

அடுத்த முறை எண்ணெய் மாற்றியபோது பின் இருக்கை காணாமல் போனது. அதற்கடுத்த முறை வீரய்யா முழங்காலைக் காதுக்கு இணையாக வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்ட முடிந்தது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் கடைசிவரை கொம்பனியையே நம்பினார். அவருடைய கார் இன்றும் பங்களா மேசையில், காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கும் பாரமாக இருக்கிறது. விளக்குகள் எரிகின்றன என்று சொல்கிறார்கள்.

ஜௌபர் முதலாளி அப்படிப் போக விடவில்லை. கராஜுக்குப் போய் எண்ணெய் டின் ஒன்றை மட்டும் வாங்கினார். சிவஞானம் பதறிப்போனார். "வேற கை பட்டா கொம்பனி தந்த கெரண்டி போச்சு, முதலாளி!" அதற்கு ஜௌபர் முதலாளி, "கெரண்டி ஈந்தப்பதானே தம்பி கார் போன?" என்றார். இது அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை. அதை அவரே பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் காரின் அடியில் புகுந்தார். முதலில் ஒரு திருகாணியைக் கழற்றினார். "மொதலாளி, வர்றது தண்ணிங்க," என்றார் வீரய்யா. "தெரியும்டா, கழுவத்தானே வேணும்," என்று பதில் வந்தது. இரண்டாவது திருகாணி சரியானது. சூடான எண்ணெய் முழுவதும் அவர் தாடியில் இறங்கியது. சுவர்ப் பலகையில் இருந்த சிவப்பு டின்னை எடுத்து என்ஜினில் ஊற்றினார். தாடியிலிருந்தும் கொஞ்சம் பிழிந்து விட்டார், வீணாகக் கூடாதென்று.

இங்கே டின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளையில் தகர டின்னை யாரும் எறிவதில்லை. மண்ணெண்ணெய் டின் வாளியாகும், மாவு டின் பூந்தொட்டியாகும், எதுவுமாகாத டின்னைத் தட்டிக் கூரைக்கு ஒட்டுப் போடுவோம். முந்தைய தடவை கராஜில் காலியான சிவப்பு டின் ஒன்றை ஜெனீரா கேட்டு வாங்கி, சாம்பல் போட்டுத் துலக்கி, அதில் மகளுக்குக் காய்ச்சிய கூந்தல் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். வெந்தயம், கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, செவ்வரத்தம்பூ போட்ட தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெயில் காமிலாவின் முடி முழங்கால் வரை இறங்கியிருந்தது. அதே பலகையில், அதே சிவப்பில், அதே கொம்பனி முத்திரையோடு இப்போது இரண்டு டின்கள். வெள்ளிக்கிழமை தோறும் கணவர் ஒன்றை எடுத்தார், மனைவி மற்றதை எடுத்தார்.

மறுநாள் காலை உறை காருக்குச் சரியாக இருந்தது. அடுத்த வாரம் இறுக்கியது. அதற்கடுத்த வாரம் தையல் விட்டுப்போய், அலவி மூன்று பாவாடைத் துணியை ஒட்டுப் போட்டார். பின் இருக்கை திரும்பி வந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது. ஜௌபர் முதலாளி பள்ளிவாசல் தெருவில் நின்று பேச ஆரம்பித்தார். சொந்தக் கை, சொந்தக் கார், எண்ணெய் என்பது எண்ணெய் இல்லை, அன்பு, என்றெல்லாம். நாங்கள் நம்பினோம். எங்களில் எவருக்கும் கார் கிடையாது என்பதால் நம்புவது சுலபமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு எண்ணெய் டின் வாங்கி வைத்தோம். அலவி உற்சாகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தைக் கழற்றி, சொந்தக் கையால் எண்ணெய் போட்டு மறுபடி பூட்டினார். அதன்பின் அது பின்பக்கமாக மட்டுமே தைத்தது.

காரில் மயிர் முளைக்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும். மொனராகலைப் பக்கம் சிலர் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள், அது பொய். கார் வளர்ந்தது, அவ்வளவுதான்.

காமிலாவின் முடி குறைந்தது. முழங்காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு. ஜெனீரா அதைக் கல்யாணக் கவலை என்று எண்ணி இன்னும் அழுத்தித் தேய்த்தார். உண்மையைக் கொண்டுவந்தது சிவஞானம். கெரண்டி ரத்தாகிவிட்டது என்பதை நேரில் அறிவிக்க வந்தவர், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரின் பின்னால் புகையில் நின்று கொம்பனிக் கடிதத்தை நீண்ட நேரம் வாசித்தார். அடுத்த வாரம் வழியில் அவரைக் கண்ட ஜெனீராவுக்கு யாரென்று தெரியவில்லை. வழுக்கையில் கருகருவென்று சுருள் முடி. அருகில் வந்தபோது வெந்தய வாசம் அடித்தது. தன் குசினி வாசம் அவருக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து இரண்டு டின்களையும் திறந்து மோந்து பார்த்தார்.

"இந்தாங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "உங்கட அன்பு என்ன வாசம் வருது எண்டு பாருங்க."

ஜௌபர் முதலாளி மோந்தார். முகம் சுருங்கியது, பிறகு நிமிர்ந்தது. "எண்ணெய் எதுவா ஈந்தா என்ன? ஊத்தின கை என்ட கை," என்றார்.

"உங்கட கையாலதான் புள்ளைக்குத் தலையில ஒண்டும் இல்லாமப் போகுது!"

நிக்காஹுக்கு ஒரு வாரம் இருந்தது. இருந்த கூந்தல் எண்ணெய் ஒரு தடவைக்குத்தான் வரும். புதிதாகக் காய்ச்சிப் பருவம் வர மாதம் ஆகும். தலைக்குத் தேய்த்தால் மணப்பெண்ணுக்குப் பின்னல் போடலாம். காருக்கு ஊற்றினால் கார் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். தாய் மகளைப் பார்த்தார், தகப்பன் காரைப் பார்த்தார். காமிலா சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் இறங்கி, காரின் பின்கதவைத் திறந்தாள், ஏறி மூடினாள், உள்ளே இருந்த கொக்கியைப் போட்டுப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து டின்னை எடுத்தாள்.

"எனக்கு முடி வேணா உம்மா. முக்காட்டுக்குள்ள யார் பாக்கிற? கதவு வேணும்."

தானே மூடியைத் திருகி, ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள். தகப்பன் இத்தனை வெள்ளிக்கிழமையும் சாரத்தில் பாதி சிந்திய வேலை அது. "கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சிருக்கோணும்," என்று ஜௌபர் முதலாளி ஆலோசனை சொன்னார். யாரும் கேட்கவில்லை.

நிக்காஹ் அன்று அந்தக் கார்தான் பண்டாரவளைக்குப் போய் மாப்பிள்ளையையும் அவன் ஆட்களையும் ஏற்றி வந்தது. ஏறும்போது பலீலா பின் இருக்கையில் வசதியாக உட்கார்ந்தார். ஹாலிஎல வரும்போது முன் இருக்கை வெகு தூரத்தில் இருந்தது. வண்டியை மெதுவாக விடச் சொல்லி அவர் போட்ட சத்தம் வீரய்யாவின் காதுக்கு வந்து சேருவதற்குள் பதுளை வந்துவிட்டது. முற்றத்து மதிலை இடித்துத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. இடிப்பதற்கு நாங்கள் இருந்தோம். "ஹோ, ஹோ," என்று வீரய்யா மாட்டை நிறுத்துவது போலச் சொல்ல, கார் நின்றது. அதன் பிறகு அது ஓடவில்லை. ஓடுவதற்கு அவ்வளவு அகலமான பாதை ஊவா மாகாணத்திலேயே இல்லை.

பலீலா உள்ளேயே முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். கடைசியாகக் கதவின் கொக்கியைப் போட்டு, தோளால் ஒரு இடி இடித்தார். அசையவில்லை. "சக்கரம் எதுக்கு நானா?" என்று மட்டும் கேட்டார். "காத்து வர," என்றார் ஜௌபர் முதலாளி. பலீலாவுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடத்தில் பதுளைக்கு ரயில் வந்தது. அதன்பின் எங்களில் யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை. நகரசபைக்காரர்கள் வந்து, அதற்கு வாகன வரியா வீட்டு வரியா என்று நின்று யோசித்துவிட்டு, தேநீர் குடித்துப் போனார்கள். காமிலாவுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். முன் இருக்கை அவர்களுடையதானது. முடி தோளுக்குக் கீழே இறங்கவேயில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாக யாரும் கேள்விப்படவில்லை. சிவஞானம் மட்டும் மாதம் ஒருமுறை வந்து, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடச் சொல்லி, பின்னால் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போவார்.

அதெல்லாம் பிறகு. நிக்காஹ் அன்று மஹ்ரிப் தொழுகை முடிந்து, புரியாணி முடிந்து, புவாத் வெட்கத்தோடு காரின் படியேறி உள்ளே போனான். ஜௌபர் முதலாளி பழந்துணியும் அளவுக் கம்பியும் எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்து, கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "மகள், ஒரு நிமிஷம், எண்ணெய் எவ்வளவு ஈக்குது எண்டு மட்டும் பாத்திட்டு..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்கு, வாப்பா," என்றாள் உள்ளே இருந்த காமிலா. அவருடைய கையை எடுத்து வெளியே வைத்தாள். கதவை மூடினாள். கொக்கி விழுந்தது.