நாலு கட்டையில் ஒரு டூயட்

சின்னமனூர் கல்யாண வரவேற்பில் அனுசுயாவின் குரல் உடைந்தது. சுந்தர்ராஜோடு அவள் வழக்கமாகப் பாடும் டூயட்தான். பல்லவி மேல் பஞ்சமத்தைத் தொடும் இடத்தில் சத்தம் கீறலாக வந்து நின்றுவிட்டது. பந்திக்கு எழுந்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுந்தர்ராஜ் தேனியில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். குழுவின் ஆண் குரலும் அவரே. அவர் கோபப்படவில்லை. வேனில் திரும்பும்போது, இனி உச்சிப் பாட்டுகளுக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், அனுசுயா கோரஸில் நிற்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் குரல் கனத்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குரல் கெட்டுப்போனதாக அனுசுயாவுக்குத் தோன்றவே இல்லை. கீழே இறங்கும் இடங்களில் முன்பு இல்லாத அழுத்தம் இப்போது இருந்தது. குரல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்கே என்று பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் உத்தமபாளையத்தில் உரக்கடை வேலை முடிந்ததும் நேரே ரியாசுதீன் வீட்டுக்குப் போனாள். அவன் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். அவன் மனைவி சுமையா டீயை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அனுசுயா ஒவ்வொரு கீயாக அழுத்தச் சொல்லி, கூடவே 'ஆ'வென்று ஆகாரம் பாடி இறங்கினாள். சத்தம் வெறும் காற்றான இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஏறினாள். தொண்டை இறுகியதும், அதற்கு முந்தைய கீயில் விரலை வைத்தாள்.

"இம்புட்டுத் தூரம் எனக்குச் சொகமா இருக்கு ரியாசு. பாட்டோட உச்சி, கறுப்புக் கீயையும் சேத்து, ரெண்டு கீ மேல நிக்குது. அப்ப பாட்டை இறக்கு."

ஐந்து கட்டைச் சுருதியில் இருந்த பாட்டை அவன் நாலு கட்டைக்கு இறக்கினான். அதாவது பாட்டின் 'ஸ' இரண்டு கீ கீழே வந்து உட்கார்ந்தது. அதோடு மற்ற எல்லாச் சுரங்களும் இறங்கின. அவள் பாடினாள். மேல் பஞ்சமம் ஆடாமல் நின்றது. வேற ஆள் பாடின மாதிரி இருக்கு என்றாள் சுமையா.

ஒத்திகையில்தான் சிக்கல் வந்தது. டூயட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கட்டை. அவளுக்காக இறக்கியதும் சுந்தர்ராஜின் சரணம் பாதாளத்துக்குப் போய்விட்டது. கீழ் ரிஷபத்தில் அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இது சரிப்படாது, பழையபடியே வைத்துக்கொள்வோம் என்றார்.

"நீங்க அஞ்சுலயே பாடுங்கண்ணே. நான் நாலுல பாடுறேன்" என்றாள் அனுசுயா.

ஒரே பாட்டில் இரண்டு கட்டையா என்று தபலாக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாலு கட்டையில எனக்கு 'ப'வா இருக்கிற சத்தம், அஞ்சு கட்டையில உங்களுக்கு 'ம'. சத்தம் ஒண்ணுதான். 'ஸ' எங்கன இருக்கோ அதை வச்சுத்தான் பேரு மாறுது. நடுவுல வர்ற மியூசிக்ல ரியாசு அந்த ஒத்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். நீங்க அதை 'ம'ன்னு நெனச்சு ம, க, ரி, ஸன்னு இறங்குங்க. உங்க 'ஸ' அங்கன இருக்கும்."

முதல் தடவை அவர் வழி தவறி அவளுடைய 'ஸ'விலேயே போய் விழுந்தார். அடுத்த தடவை சரியாக இறங்கினார். கண்ணைத் திறந்து, இன்னொரு வாட்டி என்றார்.

வீரபாண்டித் திருவிழா மேடையில் அதைப் பாடினார்கள். அனுசுயாவின் பல்லவி முடிந்து இடையிசை தொடங்கியதும் கீபோர்டு சத்தம் அற்றுப்போனது. ரியாசுதீன் குனிந்து வயரைத் தேடினான். தபலா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளச் சுரம் இல்லாமல் சுந்தர்ராஜ் அவளைப் பார்த்தார்.

அனுசுயா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். தன் 'ப'வை ஆகாரமாக நீட்டிப் பிடித்தாள். அவசரப்படவில்லை. அவர் தலையசைத்ததும் அதையே அவருடைய 'ம'வாக்கி, படிப்படியாக இறங்கி, அவருடைய 'ஸ'வில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் அங்கிருந்து சரணத்தை எடுத்தார். இரண்டாவது வரியில் கீபோர்டு திரும்பி வந்தபோது இம்மியும் விலகல் இல்லை. கூட்டம் அதையும் பாட்டின் பகுதி என்றே நினைத்துக் கைதட்டியது. திரும்பத் தன் கட்டைக்கு வந்து, கடைசிப் பல்லவியின் உச்சியை அவள் வேண்டிய மட்டும் நீட்டினாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

மேடைக்குப் பின்னால் சுந்தர்ராஜ் சோடாவோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு பெண் குரல் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை. தன்னுடைய தனிப்பாட்டு ஒன்றைச் சொல்லி, அதன் உச்சி பல வருசமாகவே தன்னை வதைப்பதாகச் சொன்னார்.

"அதையும் இறக்கலாமா ஆத்தா?"

"முதல்ல உங்களுக்கு எதுவரைக்கும் சொகமா இருக்குன்னு பாத்துருவோம்ணே" என்று சொல்லிவிட்டு, அனுசுயா ரியாசுதீனைக் கூப்பிட்டாள்.